மரிச்சுக்கட்டி ஏலமும் போனில் வரும் ஒப்ஷனும்



எமது இளைஞர்கள் சிலர் போனில் 'ஒப்ஷன்' வியாபாரம் பழகுகிறார்கள். அது என்னவென்று எமது கரையின் வரலாற்றை வைத்தே விளங்கிக்கொள்வோம்.

முத்துச் சலாபக் காலத்தில் மரிச்சுக்கட்டியில் சிப்பியைத் திறக்காமலே ஏலம் விட்டார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்பதே பேச்சு. உள்ளே முத்து இருக்கிறதா என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்ற அரசாங்கத்துக்கும் தெரியாது. சலாபத்துக்கு முன்பே மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்துக்களை மதிப்பிட்டு அறிவிப்பார்கள். அந்தக் காலத்துச் சந்தைத் தரவு அதுதான்.

1892 முதல் 1902 வரை சலாபமே இல்லை. 1903இல் மீண்டும் தொடங்கி, 1905இல் அரசாங்கத்துக்கு சுமார் 25 இலட்சம் ரூபாய் வருமானம் வந்தது. அதைப் பார்த்து 1906இல் லண்டன் கம்பனி ஒன்று பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. வருடத்துக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய். அது வாங்கியது சிப்பியை அல்ல, சிப்பி எடுக்கும் உரிமையை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகைக் காசு கட்டியாக வேண்டும். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. 1912இல் கம்பனியே கலைக்கப்பட்டது.

ஒப்ஷனும் இப்படி ஓர் உரிமைதான். 100 ரூபாய்ப் பங்கை, குறித்த நாளுக்குள் 110 ரூபாய்க்கு வாங்கும் உரிமைக்கு 4 ரூபாய் கட்டுகிறோம் என்று வைப்போம். அந்த 4 ரூபாய்தான் பிரீமியம். தவணை நாளில் பங்கு 114ஐத் தாண்டினால்தான் இலாபம். 110ஐத் தாண்டாவிட்டால் 4 ரூபாயும் போய்விடும். நாள் குறையக் குறைய பிரீமியமும் கரையும். அந்த உரிமையை விற்றவருக்கோ நட்டத்துக்கு எல்லையே இல்லாமல் போகலாம்.

அட்டவணையில் பிரீமியம் கூடியிருந்தால், விலை பெரிதாக ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதே பொருள். ஏறுமா இறங்குமா என்று அது சொல்லாது. 'ஓப்பன் இன்ரஸ்ட்' என்பது முடிக்கப்படாத ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. வாங்கிய ஒவ்வொருவருக்கும் எதிரே விற்றவர் ஒருவர் இருக்கிறார். ஆகவே அந்த எண் பெரிதாக இருப்பதால் மட்டும் எவர் வெல்வார் என்று தெரியாது. மாதிரிச் சிப்பியும் இவ்வளவுதான்: இன்று பாரில் இருப்பதைச் சொல்லும், அடுத்த வருடத்தைச் சொல்லாது. லண்டன் கம்பனி உரிமையை வாங்கியது அதன் விலை உச்சத்தில் இருந்தபோது.

இந்தியாவின் செபி 2024இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மூன்று வருடங்களில் ஃபியூச்சர், ஒப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 வீதமானோர் நட்டப்பட்டனர். சராசரி நட்டம் ஆளுக்குச் சுமார் 2 இலட்சம் இந்திய ரூபாய். மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்போருக்கு: சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1992இல் ஜித்தாவில் கூடி, ஒப்ஷன் ஒப்பந்தங்கள் கூடாது என்று தீர்மானித்தது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை காசு கேட்டால் ஏசாமல் மூன்று கேள்வி கேளுங்கள். ஆகக் கூடிய நட்டம் எவ்வளவு? எதிரே விற்பவர் யார்? தவணை நாள் எப்போது? பதில் தெரியாவிட்டால் காசு கொடுக்க வேண்டாம்.

1925ஆம் ஆண்டுச் சலாபம் பற்றி உங்கள் வீட்டு மூத்தவர்கள் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். எமது பிள்ளைகளும் வாசிக்கட்டும்.