இல்லத்து உழைப்பும் நேரிய கூலியும்



குழந்தையைத் தொட்டிலில் இட்டு, அடுப்பையும் ஒரு கண்ணாற் பார்த்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் நாலு காசு தேட வழியுண்டா என்று வினவும் தாய்மார் இன்று பலர். அந்நிலையிலுள்ள தந்தையரும் சிலர் உளர். வீட்டிலிருந்தே பொருளீட்டலாம் என்னும் அழைப்புகள் இவர்களை நாடிக் கைத்தொலைபேசி வழியே நாள்தோறும் வந்து குவிகின்றன. இவற்றுள் மெய்யான வேலை எது, ஏமாற்று எது என்று பிரித்தறிவது எங்ஙனம்? இக்கேள்வி நம் காலத்தில் முளைத்ததன்று. வீட்டைவிட்டு அகலமுடியாதவர் உழைத்துப் பிழைக்க முற்பட்ட நாள்தொட்டே இதுவும் இருந்து வருகின்றது. ஆகவே வரலாற்றையே இதற்கு விடை கேட்போம்.

கௌடிலியர் இயற்றியதாகச் சொல்லப்படும் அர்த்தசாத்திரத்தில், நூல் நூற்பிக்கும் அரசாங்க அதிகாரியின் கடமைகளைக் கூறும் பகுதி ஒன்றுண்டு. கைம்பெண்டிர், கணவர் பிறதேசம் சென்ற மகளிர், உடற்குறையுற்றோர் ஆகியோருக்கு அவ்வதிகாரி நூற்கும் வேலை கொடுத்தல் வேண்டும். வீட்டைவிட்டு வெளிவராத மகளிருக்குப் பணிப்பெண்கள் மூலமாக, மரியாதையுடன், வேலையை அனுப்புதல் வேண்டும். வரக்கூடியவர்கள் வைகறையில் நூலைக் கொணர்ந்து கொடுத்துக் கூலி பெற்றுச் செல்லலாம். அங்கே எரியும் விளக்கு நூலைப் பார்க்கப் போதுமான ஒளி தந்தாற் போதும். அதிகாரி அப்பெண்ணின் முகத்தை நோக்கினாலோ, வேறு பேச்சுப் பேசினாலோ அவனுக்குத் தண்டம் உண்டு. கூலி கொடுக்கத் தாமதித்தாலோ அதனிலும் பெரிய தண்டம்! நூலின் நேர்த்திக்கேற்பக் கூலி வகுக்கப்பட்டது. கூலியைப் பெற்றுக்கொண்டு வேலை செய்யாதவளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை மிகக் கொடியது என்பதையும் மறைத்தல் தகாது. எனினும் முகம் பாராமல் வேலை கொடுத்தல், அளவறிந்து கூலி வகுத்தல், நாள் தவறாமற் கொடுத்தல் என்னும் மூன்றும் நேரிய வீட்டுவேலையின் இலக்கணம் என்பதை அந்நூல் உணர்ந்திருந்தது.

நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூலின் ஏட்டைக் கண்டெடுத்தவர் மைசூரைச் சேர்ந்த சாமா சாத்திரியார். 1909ஆம் ஆண்டில் அவர் அதனை அச்சிட்டு வெளியிட்டார். அதே 1909இல், கடல்கடந்த இங்கிலாந்தில், வீட்டுவேலை செய்வோரின் கூலியைக் காக்க ஒரு சட்டம் பிறந்தது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் பழைய நூல் கண்ட நியாயத்தை, இயந்திர நாகரிகத்தில் முன்னின்ற ஒரு நாடு எத்துணைத் துன்பத்தின் பின்னர் கண்டடைந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

அக்காலத்து இலண்டனில் ஏழைத் தாய்மார் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கூடு ஒட்டினர், சட்டை தைத்தனர். 144 கூடுகள் ஒட்டினாற் கிடைத்த கூலி சில பென்சுகளே. அதிலும் பசைக்கும் நூலுக்கும் அவர்களே காசு கொடுத்தல் வேண்டும். குழந்தைகளும் உறக்கம் விட்டுத் தாய்க்கு உதவினர். 1906ஆம் ஆண்டில் ஒரு நாளிதழ் இலண்டனில் கண்காட்சி ஒன்றை நடாத்தி, இத்தொழிலாளரைப் பொதுமக்கள் முன்னிலையில் இருத்தி, அவர்தம் உழைப்பையும் கூலியையும் அனைவரும் காணச் செய்தது. மலிவு விலையில் வாங்கிய பொருளின் பின்னால் யாருடைய கண்ணொளி தேய்ந்தது என்பதை நகரத்தார் அன்று கண்டனர்.

இதன்பின் எழுந்த 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஆயத்த ஆடை தைத்தல், கடதாசிப் பெட்டி செய்தல், றேந்தை திருத்துதல், சங்கிலி அடித்தல் ஆகிய நான்கு தொழில்களுக்கும் குறைந்தபட்சக் கூலியை வகுக்க வழிசெய்தது. சங்கிலி அடிக்கும் தொழில் பேர்மிங்ஹாம் நகருக்கு மேற்கேயுள்ள கிரேட்லி ஹீத் என்னும் ஊரிற் சிறந்திருந்தது. வீட்டின் கொல்லைப்புறத்து உலைக்களங்களில், குழந்தைகளை அருகே வைத்துக்கொண்டே, பெண்கள் இரும்பைக் காய்ச்சிச் சங்கிலிக் கண்ணிகளை அடித்தனர். 1910இல் அவர்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்சு என்று கூலி வகுக்கப்பட்டது. பலருக்கு இது முன்னைய கூலியின் இருமடங்காகும்.

ஆனால் முதலாளிமார் ஒரு சூழ்ச்சி செய்தனர். தொழிலாளி எழுத்தில் இணங்கினால் ஆறுமாத காலத்துக்குப் பழைய கூலியையே கொடுக்கலாம் என்று சட்டம் இடம்விட்டிருந்தது. எழுத்தறியாத பெண்கள் பலரிடம் அத்தகைய தாளில் அடையாளம் வாங்கினர். உண்மை விளங்கியதும் பெண்கள் வெகுண்டெழுந்தனர். பெண் தொழிலாளர் சம்மேளனத்தின் செயலாளர் மேரி மக்காதர் அம்மையார் அவர்களுக்கு வழிகாட்டினார். ஏறக்குறையப் பத்து வாரம் உலைகள் அணைந்து கிடந்தன. நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 4,000 பவுண் உதவிநிதி சேர்ந்தது. 1910 ஒக்டோபர் 22ஆம் நாள் இறுதி முதலாளியும் புதிய கூலிக்கு ஒப்பமிட்டார். எஞ்சிய நிதியைக் கொண்டு 1912இல் அவ்வூரில் தொழிலாளர் மண்டபம் ஒன்று எழுந்தது. சட்டம் மட்டும் போதாது. படித்துப் பார்த்து ஒப்பமிடும் அறிவும், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் உறவும் வேண்டும் என்பதை அம்மாதர் உலகுக்கு உணர்த்தினர்.

நம் அயல்நாடாகிய பாரதத்தில் இன்னொரு வழி தோன்றிற்று. 1959 மார்ச் 15ஆம் நாள், பம்பாய் கிர்காமில், ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினர். லிஜ்ஜத் என்னும் பெயரால் வளர்ந்த அந்நிறுவனத்தில் இன்று 40,000இற்கு மேற்பட்ட பெண்கள் பங்காளராக உள்ளனர். காலையில் நிலையத்துக்குச் சென்று பிசைந்த மாவை நிறுத்து வாங்குவர். வீட்டில் அப்பளமாக இட்டு உலர்த்துவர். மறுநாள் அதனைக் கொடுத்துக் கூலி பெறுவர். மாவை நிலையமே தருகின்றது. பங்காளர் என்ற வகையில் இலாபத்திலும் அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. முதலாளியின் நேர்மையை எதிர்பார்த்து நில்லாமல், உழைப்போரே உடைமையாளராயினர்.

இவ்வனுபவங்களின் வழியில், 1996ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் வீட்டுவேலை பற்றிய சமவாயம் ஒன்றை நிறைவேற்றியது. வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்பவரும் ஏனைய தொழிலாளரைப் போலவே நடாத்தப்படுதல் வேண்டும் என்பது அதன் சாரம். மின்சாரம், நீர், தொடர்பு ஆகியவற்றுக்கு வேலையின்பொருட்டு ஆகும் செலவையும் ஈடுசெய்தல் வேண்டும் என்று அதனுடன் வந்த பரிந்துரை கூறுகின்றது. பசைக்கும் நூலுக்கும் காசிழந்த இலண்டன் தாயின் முறைப்பாட்டுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின் கிடைத்த விடை இதுவெனலாம்.

இனி, முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம். நேரிய வேலை தருபவர் இன்ன வேலை, இன்ன அளவு, இன்ன கூலி, இன்ன நாள் என்று முன்னரே தெளிவாகச் சொல்வார். வஞ்சகரோ வேலையைச் சொல்லாமல் வருமானத்தைச் சொல்வார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புப்பணம் என்று வேலை தேடுபவரிடமே பணம் கேட்பார். சிலர் முதலிற் சிறுதொகை ஒன்றைத் தந்து நம்பிக்கை ஊட்டிப் பின்னர் பெருந்தொகையைப் பறிப்பர். வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணைக் கேட்பவர் வேலை தருபவரல்லர். உழைப்பவர் கூலி பெறுவதே உலக வழக்கம். உழைக்கப் புகுமுன்னரே பணம் கட்டும்படி சொல்லுமிடத்தில் ஐயுற்று விலகுதலே அறிவுடைமை. அங்ஙனம் விலகமுடியாதபடி ஆசையோ வறுமையோ நெருக்குமாயின், படித்தவர் ஒருவரிடமோ அயலாரிடமோ காட்டி ஆராய்ந்த பின்னரே ஒப்பமிடுதல் வேண்டும்.

தையல், கணக்கெழுதல், மொழிபெயர்ப்பு, பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தல் என வீட்டிலிருந்தே செய்யத்தக்க நல்ல வேலைகள் உண்டு. அவை திடீர்ச் செல்வம் தருபவையல்ல. கைத்திறனுக்கும் காலத்துக்கும் ஏற்ற கூலி தருபவை. வீட்டில் உழைப்பவரின் குறை அவர் தனித்திருப்பதே. தனித்திருப்பவரையே வஞ்சகரும் தேடுவர். கிரேட்லி ஹீத் பெண்கள் அண்டை வீட்டாரோடு பேசத் தொடங்கிய நாளிலேதான் அவர்களுடைய கூலி உயர்ந்தது. அயலில் உள்ள பெண்கள் நால்வர் கூடித் தமக்கு வந்த அழைப்பை ஒருவருக்கொருவர் காட்டி ஆராய்வார்களாயின், பாதி வஞ்சகம் அன்றே ஒழியும்.