சூட்டின் பழி: செஞ்சியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

வெப்பத்துக்கு வரலாறு உண்டு என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். வெயில் அடிக்கிறது, வேர்க்கிறது, விசிறிக்கொள்கிறோம். இதில் வரலாறு எங்கே வந்தது என்பார்கள். ஆனால் 'இவ்வளவு சூடு இயல்பு, இதற்குமேல் போனால் கோளாறு' என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், கோளாறு வந்தபின் பழி யார் தலையில் விழுகிறது என்று கேட்டுப்பார்த்தால் விஷயம் அதிகாரம் பற்றியதாகிவிடுகிறது. கணிப்பொறிக்குள் செருகப்பட்டிருக்கும் கிராபிக்ஸ் கார்டு என்ற சிறு பொருளின் சூட்டை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப்பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கேட்பதற்குச் செஞ்சி பொருத்தமான இடம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று கோட்டையைத் தாங்கும் மூன்று குன்றுகளும் பெரும்பாலும் பாறைக் குவியல்கள். பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்ட பாறை இரவில் அதைத் திருப்பித் தருகிறது. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரி இங்கே ஒரு செய்தியே இல்லை. அதே நாட்களில்தான் வைகாசி முகூர்த்தங்களும் வருகின்றன. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் கடைகளில் கணிப்பொறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பத்துக்குப் பத்து அறை, மேலே சிமெண்ட் ஷீட் கூரை, உள்ளே இரண்டு மூன்று கணிப்பொறி. அப்படி ஒரு கடையில் வேலை பார்க்கும் பையன் சொன்னான்: "மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கார்டு தானா ஸ்லோ ஆயிடும் சார். ராத்திரி போட்டா ஒரு மணி நேரத்துல முடியிற வேலை, பகல்ல ஒண்ணே முக்கால் மணி ஆவுது." இந்த முக்கால் மணி நேரம் யாருடையது?

2

கார்டின் இயங்குமுறையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சில்லு உறிஞ்சும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் சூடாகவே மாறுகிறது. 1999இல் வந்த ஜிஃபோர்ஸ் 256, பலகையின் செருகுமிடத்திலிருந்து கிடைத்த மின்சாரத்திலேயே ஓடியது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட், 2025இல் வந்த 5090க்கு 575 வாட். முழு வேகத்தில் ஓடும்போது அறைக்குள் ஒரு சிறு ஹீட்டரைப் போட்டு வைத்த மாதிரிதான்.

குளிர்விப்பான் என்று பெயர் வைத்தாலும் அது சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சில்லிலிருந்து பசைக்கு, பசையிலிருந்து செம்புக்கு, அங்கிருந்து அலுமினியத் தகடுகளுக்கு, விசிறி வழியாக அறைக் காற்றுக்கு. அறையில் ஏசி இருந்தால் அது சந்துக்குத் தள்ளுகிறது. சந்தில் திண்ணை போட்டு உட்கார்ந்திருப்பவர் கடைசி ஆள்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு உயர்ந்த விசிறியானாலும் காற்றால் குளிர்விக்கும்போது சில்லு அறையைவிடக் குளிர்ந்துவிட முடியாது. அறையைவிட இத்தனை டிகிரி அதிகம் என்ற கணக்குதான் சாத்தியம். அந்த வித்தியாசம் 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி அறையில் சில்லு 70இல் நிற்கும். 40 டிகிரி அறையில் 85. எண்பதைத் தாண்டிய ஏதோ ஓர் இடத்தில் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆக, ஒரே கார்டு, ஒரே வேலை. ஓர் அறையில் அது ஆரோக்கியம், இன்னோர் அறையில் நோயாளி. 'அறை வெப்பநிலை' என்ற அப்பாவிச் சொல்லுக்குள் ஓர் அறை ஒளிந்திருக்கிறது. அது செஞ்சியில் உள்ள அறை அல்ல.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் பாலை நினைவுக்கு வராமல் போகாது. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. வேனிலும் நண்பகலும் என்று பொழுதைத்தான் தந்தது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்றது சிலப்பதிகாரம். அதாவது வறட்சி ஓர் இடத்தின் பிறவிக்குணம் அல்ல, நேர்ந்த நிலை. இதற்கு நேர் எதிரான சொல்லாடல்தான் நவீன காலத்தில் நம்மீது வந்து படிந்தது.

3

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் கல்யாண மகால் நிற்கிறது. நாயக்கர் காலத்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சதுர முற்றம், அதைச் சுற்றி அறைகள், நடுவே பல நிலைகள் கொண்ட கோபுரம், உச்சியில் கூம்புக் கூரை. ஒவ்வொரு நிலையிலும் நடுவில் ஒரு சிறு அறை, அதைச் சுற்றி வளைவுகளால் திறந்த தாழ்வாரம். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். எந்தத் திசைக் காற்றும் உள்ளே வரும். வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண் குழாய்கள் வழியே மேல்நிலைகள்வரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். கார்டின் அலுமினியத் தகடுகளும் இந்தத் தாழ்வாரங்களும் செய்வது ஒரே காரியம்: காற்றுப் படுகிற பரப்பைப் பெருக்குவது.

உடனே 'அன்றே நம் முன்னோர்' என்று கொடி பிடிக்க வேண்டியதில்லை. அந்தக் குளிர்ச்சி அந்தப்புரத்துக்கு உரியது. குழாய் பதித்தவர் வீட்டுக்கூரை என்ன கூரை என்று மகால் சொல்லாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கட்டியவர்கள் செஞ்சியின் வெயிலையே அளவாக வைத்துக் கட்டினார்கள்.

1750இல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள்; 1761இல் அது ஆங்கிலேயரிடம் போனது. ஐரோப்பியர் எழுதிய வரலாறுகளில் செஞ்சி உடம்புக்கு ஆகாத ஊர் என்று பதிவாயிற்று. வேறொரு காற்றுக்குப் பழகிய உடல்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் இருந்தார்கள். கெட்ட பெயர் வந்ததோ ஊருக்கு. இது பழியின் முதல் வடிவம்.

இரண்டாவது வடிவம் பங்கா. வெள்ளை அதிகாரி தூங்க, தாழ்வாரத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் கயிறு இழுத்தவர்கள் இந்நாட்டுக் கூலிகள். கண் அசந்துபோன பங்காக்காரரை உதைத்து, அவர் செத்துப்போன வழக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒன்றிரண்டு அல்ல. 'இறந்தவரின் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, அதனால் வெடித்தது' என்று மருத்துவச் சான்று வரும். உதைத்தவர் சிறு தண்டனையோடு போவார். குற்றம் காலில் இல்லை, செத்தவரின் பலவீனமான உடலில் இருந்தது என்று நீதிமன்றம் எழுதிக்கொண்டது.

4

இப்போது கார்டுக்குத் திரும்பலாம். 2003இல் என்விடியா வெளியிட்ட ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா, சூட்டைத் தள்ள வைத்த விசிறியின் இரைச்சலால் ஊர் சிரித்த கார்டு. நிறுவனமே அதைக் கேலி செய்து படம் எடுத்தது. அது நகைச்சுவை, 2008இல் நடந்தது நகைச்சுவை அல்ல. மடிக்கணினிகளில் இருந்த அந்நிறுவனத்தின் சில்லுகள் வழக்கத்துக்கு மேல் செத்துப்போயின. சூடேறுவது, ஆறுவது, மறுபடி சூடேறுவது என்ற சுழற்சியில், வெவ்வேறு அளவில் விரியும் பொருள்களுக்கு இடையே இருந்த பற்றுவைப்புப் புள்ளிகள் விரிசல் கண்டன. 2008 ஜூலையில் இதற்காக 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்குவதாக நிறுவனம் அறிவித்தது. காரணங்களாகப் பொருளின் பலவீனத்தோடு, கணினி தயாரித்தவர்களின் குளிர்விப்பு அமைப்பையும் பயன்படுத்துவோரின் பழக்கத்தையும் சேர்த்துச் சொன்னது. கணினி நிறுவனங்கள் செய்த முதல் வைத்தியம், விசிறி அதிக நேரம் ஓடும்படி பயாஸை மாற்றியது. இது நோயைத் தீர்க்கவில்லை, சாவை வாரண்டிக்கு அப்பால் தள்ளிவைத்தது என்று விமர்சகர்கள் சொன்னார்கள்.

ஊர் சரியில்லை, உடம்பு சரியில்லை, பழக்கம் சரியில்லை. மூன்று காலத்திலும் வாக்கியத்தின் எழுவாய் மட்டும் மாறுகிறது.

5

அப்படியென்றால் செஞ்சிக் கடைக்காரர் என்ன செய்கிறார்? பக்கத்துச் சுவரிலிருந்து கார்டை நகர்த்தி வைக்கிறார். ஊதும்போது விசிறி தாறுமாறாகச் சுற்றிக் கெடாமல் இருக்க விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுகிறார். காய்ந்து பொடியாகிப்போன பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் வைக்கிறார். அதிகம் வைத்தால் பலன் இல்லை என்பது அவருக்குத் தெரியும், பசையின் வேலை இடுக்கிலுள்ள காற்றை வெளியேற்றுவதுதானே. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கிறார். அதனால் தூசி சீக்கிரம் அடையும் என்று வாரம் ஒருமுறை துடைக்கிறார். சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்தி அறையின் சூட்டையே இறக்குகிறார். விவரம் தெரிந்தவர்கள் சில்லுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கிறார்கள். சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தொடர்வதால் பத்து சதம் குறைத்தால் ஏறத்தாழ இருபது சதம் சூடு இறங்கும். நல்ல சில்லாக இருந்தால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. இது ஒன்றுதான் சூட்டை இடம் மாற்றாமல் அதன் பிறப்பிலேயே குறைக்கிறது. அதற்கும் முடியாதபோது வேலையை ராத்திரிக்குத் தள்ளுகிறார்கள். அங்கே இழப்பது அந்தப் பையனின் தூக்கம். பங்காக் கயிறு போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. கையேடு 'காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறது. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகளில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது; முற்றுகைகள் எழுதப்படும், மன்னர்கள் எழுதப்படுவார்கள். இந்த ஊர் வெயிலோடு எப்படிக் கணக்குத் தீர்த்துக்கொண்டது என்ற வரலாறும் எழுதப்பட வேண்டும். மண் குழாயும் டேபிள் ஃபேனும் அதில் ஒரே அத்தியாயத்தில் வரும்.

கார்டு விற்பவர்களிடம் கேட்க வேண்டியதும் எளியதுதான். 40 டிகிரி அறையில் இது எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் ஓடும் என்று பெட்டிமேல் அச்சிடுங்கள். அதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, நின்றுபோன பின் 'நீங்க எப்படி யூஸ் பண்ணீங்க?' என்று கேட்பது விசாரணை அல்ல, பழைய தீர்ப்பு.