டயர் விட்டமும் கியர் விகிதமும் (ஜீப் வகை வண்டிகளில்)

நான்கு சக்கர இயக்க வண்டியில் டயரின் வெளிவிட்டமும் டிஃபரன்ஷியலின் கிரவுன்-பினியன் விகிதமும் சேர்ந்து, குறிப்பிட்ட வேகத்தில் எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எரிபொருள் செலவும் இதைச் சார்ந்தது.

255/65 ஆர்18 டயரின் கணக்கு விட்டம் சுமார் 789 மி.மீ.; 285/65 ஆர்18-இல் 828. முதலாவதற்குப் பதில் இரண்டாவதைப் பொருத்தினால், இந்த 5 விழுக்காட்டு வேறுபாட்டால், வண்டி 100 கி.மீ. ஓடும்போது ஓடோமீட்டர் 95 என்றே காட்டும். திருத்தாமல் கணக்கிட்டால் மைலேஜ் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். பெரிய டயரால் மைலேஜ் குறைந்ததாகக் குறை கூறுவோர் பலர் கவனிக்காதது இது. உண்மையான இழப்பு கூடுதல் எடை, உருளல் தடை, காற்றுத்தடை ஆகியவற்றால் வருவது.

எஞ்சின் சுழற்சி குறைவதால், வல்லார்பாடம் கன்டெய்னர் சாலை போன்ற சமதளத்தில் சீரான வேகத்தில் இழப்பு ஓரளவு ஈடாகலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் கற்பாதையில் அது நடவாது: இழுவை குறைந்து, தாழ்ந்த கியரிலேயே ஓட்ட நேரும். விகிதத்தையும் அதே அளவு உயர்த்துவதே தீர்வு; 4.88 எனில் ஏறத்தாழ 5.12.

இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் எம்பி ஜீப்பின் விகிதம் 4.88. உழவுக்கும் உதவும்படி வந்த சிஜே-2ஏ 5.38 கொண்டிருந்தது.

தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்தது.