மாடு எனில் செல்வம்

அரபு மொழியில் 'மால்' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பது பொருள். ஆயினும், பாலைவாழ் அரபியரின் வழக்கில் அது பெரும்பாலும் ஒட்டகங்களையே குறித்ததென அகராதி ஆசிரியர் எழுதுவர். நம் தமிழிலோ 'மாடு' என்பதற்கே செல்வம் என்றொரு பொருள் உண்டு. உறவற்ற இரு மொழிகள் ஒரே உண்மையைச் சுட்டுவது ஏன்? அச்செல்வத்தை ஒருங்கே இழந்த ஒரு நாட்டின் வரலாறு அதற்கு விடை கூறும்.

அரபியர் 'ஹபஷா' என வழங்கிய எத்தியோப்பியாவே அந்நாடு. 1885இல் செங்கடல் துறைமுகமான மஸ்ஸாவாவை இத்தாலியர் கைப்பற்றினர். 1887இல் அவர்தம் படைக்கென வந்திறங்கிய கால்நடைகளோடு வெக்கை நோயும் கரையேறியதென வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அந்நோயை முன்பின் அறியாத அந்நாட்டு மாடுகளுள் பத்துக்கு ஒன்பது மடிந்தன என்பது அவர்தம் மதிப்பீடு.

அம்மலைநாட்டு உழவர் இரட்டை எருதுகள் பூட்டி உழுபவர். எருது வீழ்ந்தது, ஏர் நின்றது. 1888இல் மழையும் பொய்த்தது. வெட்டுக்கிளியும் புழுவும் எஞ்சிய பயிரைத் தின்றன. தானிய விலை கட்டுக்கடங்காமல் ஏறிற்று. விளைச்சல் குன்றிய ஆண்டில் ஒரு பசுவை விற்றுத் தானியம் வாங்குவது உழவரின் வழக்கம். இப்போதோ விற்பதற்கும் பசு இல்லை. உழுகருவியும் சேமிப்பும் ஒருசேரப் போயின. மன்னர் மெனெலிக் தாமே மண்வெட்டி ஏந்திக் கொத்திக் காட்டி, எருதின்றிப் பயிரிடுமாறு மக்களைத் தூண்டினார். எனினும் 1892 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் எனக் கூறப்படுகிறது.

நோய் அங்கு நிற்கவில்லை. தெற்கே பரவி, 1896இல் ஸாம்பெஸி ஆற்றையும் கடந்தது. மாட்டு வண்டியையே நம்பியிருந்த தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து முடங்கிற்று. மந்தையிழந்தோர் பலர் கூலி தேடிச் சுரங்கங்களை நாடினர்.

1960 வாக்கில் வால்டர் பிளவ்ரைட் என்னும் ஆங்கிலேய அறிஞர் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி இந்நோயை வென்றது. 2011இல் வெக்கை நோய் உலகினின்று அறவே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப்பின் அவ்வாறு ஒழிந்த நோய் இதுவொன்றே.

நோய்கள் வேறு பல இன்றும் உள்ளன. ஆகவே நாம் ஒன்றை உணர்தல் வேண்டும். வறட்சி ஒரு மழையில் நீங்கக்கூடும்; கன்றொன்று வளர்ந்து நுகம் தாங்க ஆண்டுகள் சில செல்லும். பசித்தவனுக்குத் தானியம் அளித்தால் அவன் உயிர் பிழைப்பான். அவனது மாட்டையும் மீட்டளித்தால்தான் அவன் மீண்டும் உழவனாவான்.