புறப்பட்டவுடன் நின்றுபோகும் என்ஜின்: சேலம் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒற்றை என்ஜின் கொண்ட சிறு விமானம் தரையை விட்டு எழும்பிய முதல் நிமிடத்தில் என்ஜின் நின்றால், விமானிக்கு உயரமும் இல்லை, வேகமும் இல்லை, யோசிக்க அவகாசமும் இல்லை. இத்தகைய விபத்துகளில் பழி என்ஜின்மேல் விழுகிறது. உயிரைப் பறிப்பதோ பெரும்பாலும் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று எடுக்கப்படும் முடிவுதான்.

என்ஜின் நிற்பதற்கான காரணங்கள் நன்கு அறியப்பட்டவை: எரிபொருளில் கலந்த நீர், தவறான தொட்டிக்குத் திருப்பப்பட்ட குமிழ், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் பழுது, வெப்பத்தால் எரிபொருள் குழாயில் உருவாகும் ஆவித்தடை. தரையில் மெதுவாக ஓடும்போது மறைந்திருக்கும் குறை, முழு விசை கேட்கப்படும் புறப்பாட்டில் வெளிப்படுகிறது. இந்திய விமானப்படையின் எச்பிடி-32 தீபக் பயிற்சி விமானம் என்ஜின் நின்றுபோகும் கோளாறால் பல ஆண்டுகள் அவதிப்பட்டது. 2009 ஜூலையில் மேடக் அருகே இரு விமானிகள் இறந்த பின்னரே அவ்விமானங்கள் பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்டன.

திரும்பும் முயற்சி ஏன் கொல்கிறது என்பதற்குக் கணக்கே சான்று. செஸ்னா 172 போன்ற விமானம் என்ஜின் இன்றி 65 நாட் வேகத்தில் சறுக்கும்போது, ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ 9 அடி முன்னேறும். ஓடுபாதைக்கு மீள 180 பாகை போதாது. விலகிய தூரத்தைச் சரிக்கட்ட 210 பாகைக்கு மேல் திரும்பி, மறுபடி நேர்ப்பட வேண்டும். 45 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை சுமக்கும் எடை 1.4 மடங்காகிறது, இறக்கை தூக்குவிசையை இழக்கும் 'ஸ்டால்' ஏற்படும் வேகம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடுகிறது. பதற்றத்தில் மூக்கை உயர்த்தும் விமானி அந்த எல்லையைத் தாழ்ந்த உயரத்திலேயே தாண்டிவிடுகிறார். புறப்பாட்டின்போது எதிர்காற்றாக உதவிய காற்று, திரும்பும்போது பின்னிருந்து தள்ளித் தரையிறங்கும் வேகத்தைக் கூட்டுகிறது.

காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரம். 40 பாகை வெயிலில் அங்குள்ள காற்று 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்துக் காற்றின் அடர்த்திதான் கொண்டிருக்கும். அதனால் ஏறும் வேகம் குறைகிறது, ஆபத்தான உயரத்தில் கழியும் நேரம் நீள்கிறது. தென்மேற்குத் திசையில் எழும்பும் விமானம் தாரமங்கலத்தின் மேலாக ஏறக்குறைய சங்ககிரியை நோக்கியே செல்கிறது. சமவெளி என்று பெயரே தவிர, இறங்க எளிய நிலம் அல்ல. தோட்டத்து மோட்டார்களுக்குச் செல்லும் மின்கம்பிகள், தென்னந்தோப்புகள், வாய் திறந்த ஆழ்கிணறுகள், கல்வரப்புகள் எங்கும் உள்ளன. நிலக்கடலைக் காடு பரவாயில்லை. ஆள் உயரம் வளர்ந்த மரவள்ளி சக்கரத்தைப் பற்றிக் கவிழ்த்துவிடலாம். ஆகவே எந்த வயல் ஏற்றது என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். உழவுசாலின் போக்கிலேயே இறங்க வேண்டும் என்பதும் இங்கே முக்கியம்.

போதிய உயரம் இருந்தால் திரும்பலாம் என்ற வாதமும் உண்டு. 1,000 அடியில் பழகிய விமானிக்கு அது இயலும். திரும்பாவிட்டாலும் உயரம் அவகாசம் தருகிறது: 2025 நவம்பரில் சேலத்திலிருந்து புறப்பட்ட பயிற்சி விமானமொன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே நெடுஞ்சாலையில் இறங்கியபோது அதிலிருந்த இருவரும் உயிர் தப்பினர். நடுவானில் கோளாறு கண்டவருக்குத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்கிறது. 300 அடியில் அது கிடைப்பதில்லை. அந்த உயரத்தில் நேர்முன்னே, இருபக்கமும் 30 பாகைக்குள் தெரியும் நிலத்தில் சிறகுகள் மட்டமாக இறங்குவதே பிழைக்கும் வழி. சேலத்துப் பயிற்சியாளர்கள் தங்கள் மாணவர்களை ஓடுபாதையின் இரு முனைகளுக்கு அப்பால் உள்ள வயல்களுக்குக் கால்நடையாக அழைத்துச் செல்ல வேண்டும். எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக்கூடாது என்பதை ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்னும் வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும்.