மடைக்கல்லும் வாயு மீட்டரும்

எண்ணூரில் திரவ இயற்கை வாயு முனையம் 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரையிலான 143 கிலோமீட்டர்க் குழாய் 2021 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. இக்காலத்தில் தமிழ்நாட்டின் சில நகரங்களில் வீட்டுச் சுவரின் வெளிப்புறத்தில் ஒரு புதிய பெட்டி இடம்பிடிக்கத் தொடங்கியது. அதுவே வாயு மீட்டர்.

மின்சாரத்தை மீட்டர் பார்த்து வாங்கிப் பழகிய நமக்கு, எரிவாயுவை அவ்வாறு வாங்கும் பழக்கம் இருந்ததில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துச் சமையலறைகளில் சிவப்பு உருளையே அளவுகோலாகவும் இருந்து வந்திருக்கிறது. நிரப்பினால் 14.2 கிலோ; மிச்சம் எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் ஈரத்துணியால் உருளையைத் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். திரவம் நிற்கும் மட்டம்வரை ஈரம் சற்றுத் தாமதமாகக் காயும். எந்த நிறுவனமும் கற்றுத்தராத இந்த அளவை முறையை நம் பெண்கள் தாமாகவே கைக்கொண்டார்கள். அளவு வீட்டுக்குள், அவர்கள் கையில் இருந்தது. மீட்டர் வரும்போது அளவு வெளியே போகிறது; உடைமையும் கைமாறுகிறது. சுவர் வீட்டுக்காரருடையது, அதில் பொருத்தப்பட்ட பெட்டி வாயு நிறுவனத்துடையது. அப்படியானால் அதைக் காப்பவர் யார்? இந்தச் சிக்கலுக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

இலண்டனில் 1812ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்ற நிலக்கரி வாயு நிறுவனம் முதலில் எதையும் அளந்து விற்கவில்லை. இத்தனை விளக்கு, இத்தனை மணி நேரம் என்று பேசி முன்கூட்டியே தொகை வாங்கியது. பேசிய நேரத்துக்குப் பிறகும் விளக்கை எரிப்பவர்கள் பலர். அவர்களைக் கண்டுபிடிக்க நிறுவனத்தின் ஆட்கள் இரவில் தெருத்தெருவாக நடந்து சன்னல் வெளிச்சத்தை நோட்டம் பார்த்தார்கள். இந்த அவஸ்தையிலிருந்து மீளவே பொறியாளர் சாமுவேல் கிளெக் 1815இல் நீர் மீட்டரை உருவாக்கினார். பாதி நீரில் அமிழ்ந்த உருளை ஒன்று, வாயுவின் உந்துதலால் சுழலும். சுற்றுகளை எண்ணினால் கணக்கு கிடைத்துவிடும். எளிய, அழகிய ஏற்பாடு. ஆனால் கணக்கின் நேர்மை நீர்மட்டத்தைப் பொறுத்தது. நீர் ஆவியாகிக் குறைந்தால் ஒரு சுற்றில் கூடுதல் வாயு போய்விடும், நட்டம் நிறுவனத்துக்கு. நீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டால் நட்டம் வாடிக்கையாளருக்கு. ஆக, மீட்டரைப் பராமரிப்பது என்பதே ஒரு வழக்காக மாறியது. நீர் ஊற்ற வருபவர் யாருடைய ஆள் என்று கேட்டால், விடை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

1840களில் நீரில்லா மீட்டர்கள் பரவலாயின. இரண்டு தோல் துருத்திகள் மாறிமாறி நிரம்பி வடியும். ஒவ்வொரு நிரப்பலும் ஒரு கணக்கு. தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர் என்பதைத் தவிர, வீடுகளில் பொருத்தப்படும் மீட்டர்கள் பெரும்பாலும் அந்தத் துருத்தியின் வழித்தோன்றல்களே. ஆயினும் கருவியின் திருத்தம் மட்டும் சந்தேகத்தைப் போக்கிவிடவில்லை. 1859ஆம் ஆண்டு பிரிட்டனில் வாயு விற்பனைச் சட்டம் வந்தது. மீட்டரை நிறுவனம் அல்லாத ஓர் அலுவலர் சோதித்து முத்திரையிட வேண்டும் என்றது. நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கூட்டிக் காட்டக்கூடாது, மூன்று பங்குக்கு மேல் குறைத்துக் காட்டக்கூடாது. வாங்குபவர் பக்கம் ஒரு பங்கு கருணை! இந்தச் சிறு சலுகைக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பிணக்கு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இந்தியாவில் கல்கத்தா 1857இலும் பம்பாய் 1865இலும் தெருவில் வாயு விளக்கு ஏற்றின. இவையெல்லாம் கடலோரத் தலைநகரங்களின் கதை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு வேறொரு அளவுக் கருவியின் வரலாறு உண்டு. வெளியே நின்று, பலருடைய பங்கைத் திறந்துவிட்ட கருவி. அதைக் காத்த விதம் நம் கேள்விக்கு நேரான விடை என்பதே எமது கருத்து.

வற்றாத பெரிய ஆறு எதுவும் இல்லாத சீமை இது. ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களுமே பிழைப்பு. கோடையில் நீர் இறங்கிய பின் பார்த்தால், கரைக்கு உட்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்கும். இடையே குறுக்குக் கற்கள், கீழே துளையிட்ட கல்தொட்டி, அங்கிருந்து கரைக்கு அடியில் ஓடும் சுரங்கக் கால்வாய். குமிழித் தூம்பு என்பார்கள். மேல்துளை நீரோடி, அடியில் உள்ளவை சேறோடி. அடைப்பைத் தூக்கினால் நீரும் வண்டலும் சேர்ந்தே வெளியேறும். கருவி தன்னைத் தானே தூர்வாரிக்கொள்ளும். துளையின் அளவே பாய்ச்சலின் வரம்பு. இம்மாவட்டத்துத் தூம்புக்கல் பலவற்றில் கல்வெட்டுகள் உள்ளன. செய்வித்தவர் பெயர் அந்தத் தூணிலேயே இருக்கும். நீர் இறங்கும்போதெல்லாம் ஊர் கண்ணெதிரே அந்தப் பெயர் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது.

பெயர் பொறித்தவரோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை. உத்திரமேரூரில் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவையே குறிப்பிடுகின்றன. மடையை நாள்தோறும் பார்த்தவர் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கொரு பெயரில் வாழ்ந்த எளிய மனிதர். நிறைந்த கண்மாயில் மூழ்கி அடைப்பைத் திறப்பது உயிருக்குத் துணிந்த வேலை. அவருக்குக் கூலி அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைத்தது. நீர் பெற்ற ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். எனவே அவர் எந்த ஒரு தரப்பின் ஆளும் அல்லர். இந்த ஏற்பாட்டில் சாதியின் கொடுமை இல்லாமல் இல்லை. மூழ்கியவரும் நன்செய் உடையவரும் பெரும்பாலும் ஒருவராக இருந்ததில்லை. எனினும் பராமரிப்பவர் அளக்கப்படுபவருக்குப் பதில் சொல்ல வேண்டியவராய் இருந்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

இதே மண்ணில் வாயு வேறு விதமாக வந்தது. நெடுவாசலைச் சுற்றியுள்ள நல்லாண்டார்கொல்லை போன்ற ஊர்களின் வயல்களில் ஓ.என்.ஜி.சி. ஆய்வுக் கிணறுகளைத் தோண்டி மூடி வைத்திருந்தது. எதற்காகத் தோண்டுகிறார்கள் என்று தங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது உழவர்களின் முறையீடு. 2017 பிப்ரவரியில் நெடுவாசல் உள்ளிட்ட சிறு வயல்களுக்கு ஒப்புதல் வந்தபோது ஊர் திரண்டது. 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் திருவரங்குளம், அறந்தாங்கி, கறம்பக்குடி உட்பட இம்மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் இடம்பெற்றன. போராட்டத்தின் சரி தவறுகளுக்குள் நாம் இங்கே போகவில்லை. தன் வயலில் நிற்கும் கருவியின் திறவுகோல் எவரிடம் இருக்கிறது என்று அறியாத ஒருவர் அதைக் காப்பார் என்று எதிர்பார்ப்பது முறையல்ல என்பதையே சொல்ல வந்தோம்.

சுவரில் வரும் மீட்டருக்கும் இது பொருந்தும். அது வெளியே வைக்கப்படுவது வசதிக்காக மட்டுமன்று. இயற்கை வாயு காற்றைவிட இலேசானது. திறந்த வெளியில் கசிந்தால் மேலெழுந்து கலைந்துவிடும். உருளை வாயு கனமானது, தரையில் தேங்கும். வெளியே நின்றால் மழை, துரு, வண்டியின் இடி எல்லாவற்றுக்கும் அது ஆளாக வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயலில் கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்தில் தென்னைகள் சாய்ந்த விதத்தைக் கண்டவர்கள், மரத்தடியில் வாயுக் குழாய் ஏற்றச் சம்மதிக்கமாட்டார்கள். மீட்டரிலும் முத்திரையிலும் கைவைக்கும் உரிமை நிறுவனத்தின் ஆளுக்கே. வீட்டுக்காரர் செய்யக்கூடியவை வேறு. பெட்டியில் கொடி கட்டாதிருத்தல், மாட்டைப் பிணைக்காதிருத்தல், சுண்ணாம்பு அடிக்கும்போது எண்களை மறைக்காதிருத்தல், அடைப்பு வால்வை வீட்டில் உள்ள எல்லாருக்கும் காட்டிவைத்தல். கைப்பிடி குழாயோடு ஒரே போக்கில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் அடைப்பு. இன்னொன்றும் உண்டு. அழுத்தச் சீராக்கியில் மூச்சுவிடும் சிறு துளை ஒன்று இருக்கும். அது அடைபட்டால் அழுத்தம் நிலைகுலையும். நம் ஊர்க் குளவிகளுக்கு மண்கூடு கட்ட அப்படிப்பட்ட துளைகள் மிகவும் உகந்தவை. கூடு கண்ணில் பட்டால் குச்சியால் நோண்டாமல், நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்பவேண்டும்.