ஆறில்லாத ஊரின் ஆற்றங்கரையான்

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மழை பெய்தால் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றைத்தான் ஆறு எண்டு பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனாலும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை எங்கட சனம் 'ஆற்றங்கரையான்' என்றுதான் கூப்பிடும். அந்த ஆற்று நீரை நான் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அது ஆறல்ல, கடலோடு சேருகிற கடனீரேரி. கடல்நீர் உள்ளே ஏறாமல் இருக்கத் தடுப்பணையும் கட்டியிருக்கிறார்கள்.

நான் போனது ஒரு பாட ஒப்படைக்காக. தலைப்பு: உள்ளூர்க் கோயில் ஒன்றின் தொன்மை. நல்லூர்த் தீர்த்தம் முடிந்த கையோடு சந்நிதியில் கொடி ஏறிவிடும், பிறகு நிற்கவே இடம் கிடையாது. அதனால் அதற்கு முதலே, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு அச்சுவேலிப் பக்கத்தால் பஸ்ஸில் போனேன். கொப்பியும் பேனையுமாக வீதி சுற்றிக் கல்வெட்டுத் தேடினேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

"என்ன பிள்ளை, கும்பிடாமல் சுவரைப் பாத்துக்கொண்டு திரியிறாய்?" என்றா அம்மம்மா.

கல்லில் இல்லாதது கதையில் இருக்கிறது, அதுவும் கனக்க. சூரபத்மனிடம் தூது போன வீரவாகு தேவர் இங்கே இறங்கி வழிபட்டார் என்பது ஒன்று. ஆற்றின் பெயருக்கு இன்னொன்று. உப்பு ஏற்ற வந்த தொண்டைமான் ஒருவன் இந்த நீரேரியை வெட்டி மரக்கலம் போக வழி செய்தான் என்று மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. அது ஒல்லாந்தர் காலத்து நூல். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன், கலிங்கத்துப்பரணியின் நாயகன் கருணாகரத் தொண்டைமான்தான் அவன் என்பவர்களும் உண்டு. உரும்பிராய்க் கருணாகரப் பிள்ளையாரையும் அவனோடு சேர்த்துச் சொல்வார்கள். அப்படியென்றால் 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். ஒப்படைக்கு நல்ல தீனி!

ஆனால் கோயிலின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் வீரவாகுவும் இல்லை, தொண்டைமானும் இல்லை. அங்கே இருப்பது கதிர்காமர்.

இந்த ஆற்றில் மீன்பிடித்த மனிதர் அவர். முருகன் அவரைக் கரைக்குக் கூப்பிட்டு, கதிர்காமத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பூசை முறையைக் காட்டி, வேலும் கொடுத்தான் என்பது கதை. மூலஸ்தானத்தில் இருப்பதும் வேல்தான். பூசை செய்பவர்கள் பிராமணர்கள் இல்லை. பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு வருகிறார். மந்திரம் கேட்காது. மணிச் சத்தமும் சனத்தின் 'அரோகரா'வும் மட்டும். 65 ஆலிலைகளில் அமுது படைப்பதும் முருகன் கதிர்காமருக்குச் சொல்லிக்கொடுத்ததாம்.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். கல்லால் கட்டியதை இடிக்கலாம், கல்லைக் கொண்டுபோய்க் கோட்டையும் கட்டலாம். மரத்தடியில் ஒரு வேலும் கொஞ்சம் ஆலிலையும் வைத்துச் சத்தமில்லாமல் கும்பிடுகிறவனிடம் இடிக்க என்ன இருக்கு? இதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. இது என் ஊகம்தான். ஆனால் வீரவாகுவை விட இந்த மீன்பிடிகாரர்தான் எனக்கு வரலாற்றுக்குக் கிட்ட நிற்கிறார்.

19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் நல்லூர்க் கோயிலையே ஆகமப்படி இல்லை என்று கண்டித்தவர். 1968இல் மாவிட்டபுரத்தில் 'தாழ்த்தப்பட்டோர்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் வாசலில் மறிக்கப்பட்டு, சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. யார் தொடலாம், யார் உள்ளே வரலாம் என்று அடிபட்ட அதே குடாநாட்டில், மீன்பிடித்தவரின் வழிமுறை இங்கே மூலஸ்தானத்தில் நிற்கிறது. இதை வைத்துச் சந்நிதியில் சாதியே இல்லை என்று எழுத எனக்குத் துணிவில்லை. ஆனால் தலவரலாறு சொல்லும்போது வீரவாகுவை முன்னால் வைத்துக் கதிர்காமரைப் பின்னால் தள்ளுவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு ஏன் ஒரு கோயில் பெரிதாகத் தெரிய ஒரு தேவரோ ஒரு படைத்தலைவனோ தேவைப்படுகிறது?

1986இல் இங்கிருந்த பெரிய தேர் எரிந்தது. அம்மம்மா அதைப் பற்றி அதிகம் கதைக்க மாட்டா. "எரிச்சுப்போட்டாங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மடத்துப் பக்கம் நடந்தா. சந்நிதியானுக்கு 'அன்னதானக் கந்தன்' என்றும் பெயர். சுற்றிவர மடங்கள். யாரென்று கேட்காமல் இருத்திச் சோறு போடுவார்கள். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களும் இங்கிருந்துதான் வெளிக்கிடுவார்கள்.

பந்தியில் என் பக்கத்தில் இருந்த ஐயா கொப்பியைப் பார்த்துவிட்டு என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். கோயில் எவ்வளவு பழசு எண்டு பார்க்கிறன் என்றேன்.

"என்ர பேரன்ர பேரன் காலத்திலயும் இதே 65 இலைதான்," என்றார். "அதை எழுதும்."

எழுதினேன். அம்மம்மா சாம்பார் வாளிக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா.